ஒன்பதாவது இணைப்பு

அத்தியாயம் 12

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஸ்ரீலக்ஷ்மி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய புடவை ஒன்றை விரித்து, அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே பத்து வருஷத் தூசி.

மகள் மஹதி கல்லூரியில் படித்தபோது வாங்கிய பெட்டி. அவள் கல்யாணமாகி அடையாறுக்குப் போனதும் இது பரணுக்குப் போனது. போன வாரம் இறக்கும்போது கணவர் வெங்கடரமணனும் ஒரு கை பிடித்தார். உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம் என்று மட்டும் கேட்டார். ஸ்ரீலக்ஷ்மி பதில் சொல்லவில்லை.

பதில் இல்லாமல் இல்லை. தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். அதன் பிறகு வீட்டிலிருந்தே எடுத்த பாட வீடியோக்கள் நானூறைத் தாண்டிவிட்டன. ஃபோனில் கொஞ்சம், பென் டிரைவில் கொஞ்சம், இரண்டு ஹார்ட் டிஸ்கில் மீதி. அதில் ஒரு டிஸ்க் போன மாதம் 'டக் டக்' என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. நுண்கணிதம் மொத்தமும் அதோடு போயிற்று. அன்றைக்குத்தான் தீர்மானித்தாள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், தன் வீட்டுக்குள்ளேயே வைத்து, எந்த ஃபோனிலிருந்தும் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சர்வர் வேண்டும்.

சர்வர் என்றால் என்ன என்று அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஃபோனில் இருந்த ஏஐ உதவியாளரிடம் தமிழிலேயே கேட்டாள். அது எடுத்தவுடன் இதை வாங்கு அதை வாங்கு என்று சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டது. அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. நல்ல வாத்தியார் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

சர்வரைக் கட்டுவதற்கு முன்னால் மூன்று ஏற்பாடுகள் என்றது. பழைய பெட்டியைச் சுத்தம் செய்து அது ஓடுகிறதா என்று பார்ப்பது. இருக்கிற டிஸ்குகளில் எதையும் அழிப்பதற்கு முன்னால் இன்னொரு பிரதி எடுத்துவிடுவது. மூன்றாவது, வீட்டு ரவுட்டரில் சர்வருக்கென்று நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்குவது. அதற்கு முன்னால் வைஃபையில் இப்போது என்னென்ன இணைந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள், தெரியாதவர்கள் யாரும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு சர்வரை வைப்பது நல்லது என்றது.

முதல் இரண்டும் முடிந்துவிட்டன. இன்றைக்கு மூன்றாவது.

வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடி சரி பண்ண லஸ் வரை போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. ஸ்ரீலக்ஷ்மி லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, நோட்டில் கோடு போட்டுக்கொண்டு எழுதினாள். தன் ஃபோன், அவர் ஃபோன், லேப்டாப், டேப், டி.வி., செட்டாப் பாக்ஸ், பிரின்டர், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர். எட்டு.

ரவுட்டர் ஒன்பது என்றது.

ஒன்பதாவதற்குப் பெயரே இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீள வரிசை ஒன்று மட்டும் இருந்தது. அவர் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அப்படியும் பட்டியலில் பழைய பெயராக நிற்கிறதோ என்று முதலில் நினைத்தாள். இல்லை, அது தனியாக மங்கித் தெரிந்தது. இந்த ஒன்பதாவது இப்போது, இந்த நிமிஷம், ஓடிக்கொண்டிருந்தது.

உதவியாளரிடம் அந்த வரிசையைக் கொடுத்துக் கேட்டாள். முதல் ஆறு எழுத்துகள் தயாரித்த கம்பெனியைக் காட்டும், இது சின்னக் கேமராக்களிலும் ஸ்மார்ட் பிளக்குகளிலும் வருகிற பாகம், ஆனால் இதை மட்டும் வைத்து எந்தச் சாதனம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிடுங்கள் என்றும் சொன்னது.

ஒவ்வொன்றாக அணைத்தாள். டி.வி., செட்டாப் பாக்ஸ், பிரின்டர், ஸ்பீக்கர், டேப் எல்லாம் போயின. கடைசியில் அவள் லேப்டாப்பும் ஃபோனும்தான் மிச்சம். கூடவே அந்தப் பெயரில்லாத ஒன்று.

எழுந்தாள். ஹாலில் இருக்கிற பிளக் பாயின்ட்டுகளை ஒன்று விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். புத்தக அலமாரிக்குப் பின்னால் இருந்த பாயின்ட்டில் வெள்ளையாக ஒரு சார்ஜர் சொருகியிருந்தது. அதிலிருந்து மெல்லிய ஒயர் அலமாரியின் பின்பக்கமாகவே ஏறி மேல்தட்டுக்குப் போயிற்று. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். இரண்டு தடித்த அகராதிகளுக்கு நடுவில், கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. நடுவில் கண்.

அந்தக் கண் சாப்பாட்டு மேஜையையும் சமையலறை வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீலக்ஷ்மிக்கு ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. போன வாரம் வாட்டர் ஃபில்டர் மாற்ற வந்தவன், அதற்கு முன்னால் இன்டர்நெட் ஒயர் இழுக்க வந்த இரண்டு பேர் என்று வரிசையாக முகங்கள் வந்தன. குளித்துவிட்டு ஈரத் தலையோடு எத்தனை நாள் இந்த வழியாக நடந்திருப்பாள். மேஜைமேல் கிடந்த துண்டை எடுத்து, மறுபடி ஸ்டூலில் ஏறி, அந்தக் கண்ணின் மேல் போட்டாள்.

வெங்கடரமணனுக்கு ஃபோன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. போலீசுக்குச் செய்யலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே மஹதியின் பெயர் வந்தது.

"அம்மா, ஹால் ஏன் இருட்டா இருக்கு? ஒனக்கு ஒண்ணும் இல்லையே?"

கேட்டவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அடையாறில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மயிலாப்பூர் ஹால் இருட்டாக இருப்பது எப்படித் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மஹதி, அங்கேயே இரு அம்மா, எங்கேயும் போகாதே, இதோ வரேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஸ்ரீலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்நியன் யாரோ வைத்திருந்தால்கூட இவ்வளவு அடித்திருக்காது என்று தோன்றியது.

முக்கால் மணி நேரத்தில் மஹதியும் வெங்கடரமணனும் வந்துவிட்டார்கள். தெருமுனையில் சந்தித்துப் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. கேமராவை வைத்தது வெங்கடரமணன். அதை ஃபோனில் இணைத்துக் கொடுத்தது மஹதி. இருபத்தாறு நாளாகிறது.

"யாரைப் பார்க்கறதுக்கு வெச்சேள்?" என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவர் தரையைப் பார்த்தார். மஹதிதான் சொன்னாள்.

"உன்னைத்தாம்மா."

அவள் சொன்னதை ஸ்ரீலக்ஷ்மி முதலில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு நடுநடுவே ஏதோ ஆகிறது என்றாள் மஹதி. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அப்படியே நின்றுவிடுகிறாளாம். கூப்பிட்டால் கேட்பதில்லையாம். பிறகு ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடருவாளாம். அப்பா பயந்துபோய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தாராம். அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள், அதற்குள் அந்த மாதிரி நடக்கும்போது வீடியோ எடுக்க முடிந்தால் எடுத்து வையுங்கள், கண்ணால் பார்த்தால்தான் எனக்குப் புரியும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிரிப்புதான் வந்தது. இருபதாம் வாய்ப்பாட்டை இப்போதும் தலைகீழாகச் சொல்வாள். தானாகவே படித்து, பெட்டியைப் பிரித்து, சர்வர் கட்டப் போகிறவள். எனக்கு ஒன்றுமில்லை, உங்கள் இரண்டு பேருக்கும்தான் வேறு வேலையில்லை என்று சொல்லி, காட்டு பார்க்கலாம் என்று கையை நீட்டினாள்.

மஹதி அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். திரையில் ஸ்ரீலக்ஷ்மி சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தாள். மேஜைக்கு இரண்டடி முன்னால் நின்றாள். அவ்வளவுதான். நின்றவள் நின்றபடியே இருந்தாள். இடது கை விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. வாய் எதையோ மெல்வது போல அசைந்தது. கண் திறந்திருந்தது. அவளுக்குப் பின்னால் சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. வெங்கடரமணன் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, தொடாமல், "லக்ஷ்மி, லக்ஷ்மி" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். அவள் கையிலிருந்து டம்ளரைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி.

திரையிலிருந்த ஸ்ரீலக்ஷ்மி கண்ணைச் சிமிட்டினாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள். பிறகு அவரைப் பார்த்து, பக்கத்திலேயே இருந்துண்டு பாலைப் பார்த்துக்கக் கூடாதா, ஒரு காரியத்துக்கு லாயக்கில்லை என்று படபடவென்று பொரிந்தாள். அவர் துணியை எடுத்துக்கொண்டு அடுப்பைத் துடைக்கப் போனார்.

அந்தத் திட்டு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு முழுவதும் அவர்மேல் கோபமாக இருந்ததும் ஞாபகம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நிமிஷம்தான் எங்கே தேடியும் இல்லை.

"எத்தனை இருக்கு, இந்த மாதிரி?"

ஏழு என்றாள் மஹதி.

ஏழையும் பார்த்தாள். ஒன்றில் கையில் அரிவாள்மணை இருந்தது. ஒன்றில் அடுப்பு எரிய எரிய வாசற்படியில் நின்றாள். ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். தன் உடம்பு தன்னைக் கேட்காமல் எங்கோ போய்விட்டு வருகிறது, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன், நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டுட்டேன் என்றார் வெங்கடரமணன். அதை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. மன்னிக்கக்கூட முடியும் போலிருந்தது.

"எப்போலேர்ந்து இது?"

சித்திரை மாசத்திலேயே ஓரிரு தரம் பார்த்தேன் என்றார் அவர். ஏதோ யோசனையாக நிற்கிறாள் என்று விட்டுவிட்டாராம். சந்தேகம் வந்தது அதற்குப் பிறகுதான். எப்போது என்று அவள் திரும்பக் கேட்டாள்.

"ஜூன்ல. நீ ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தியே, அப்போ."



ஜூன் மாதம் மந்தைவெளியில், காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவள் ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் மோதிக்கொண்டன. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஆட்டோ கவிழ்ந்து டிரைவருக்கு முழங்கால் உடைந்தது. முருகன் என்று பெயர். சிக்னலை மதிக்காமல் வேகமாக வந்து இடித்தான் என்று அவள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள். வழக்கு போட்டார்கள். அந்த மனுஷன் கட்டுப் போட்ட காலோடு ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு, அம்மாதான் நேராக வந்து விழுந்தாங்க, பிரேக்கே புடிக்கல என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எப்படிக் கூசாமல் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு அன்றைக்கு ஆத்திரமாக வந்தது.

இப்போது அந்த விபத்தை நினைத்துப் பார்த்தாள். மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கியது தெரிந்தது. வண்டியைக் கிளப்பியது தெரிந்தது. அடுத்தாற்போல் ஆகாசம் தெரிந்தது, சுற்றி ஆட்கள் குனிந்து பார்த்தது தெரிந்தது. ஆட்டோக்காரன் இடிச்சிட்டாம்மா என்று யாரோ சொன்னார்கள். நடுவில் ஒன்றுமில்லை. அவள் ஆட்டோவைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சொன்னதை வாங்கித் தன் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருஷம் மார்க் போடாதவள்.

"ஸ்டேஷன்ல நான் எழுதிக் குடுத்தப்போ உங்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்துதா?"

"இருந்தது" என்றார் வெங்கடரமணன்.

"பக்கத்துலதானே உட்கார்ந்துண்டிருந்தேள்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மஹதி, அப்பா என்று மெதுவாகச் சொன்னாள். இது அவளுக்கும் புதுச் செய்தி. கேமரா வரைக்கும்தான் அவள் கூட்டு.

ஸ்ரீலக்ஷ்மி எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். பின்னாலேயே மகள் வந்து நின்றதைப் பார்த்ததும், இனிமேல் தான் அடுப்பங்கரைக்கு வந்தால் யாராவது இப்படித்தான் பின்னால் வருவார்கள் என்று புரிந்தது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் உதவியாளருக்கு எழுதினாள். எழுதும்போதே தனக்குத்தான் சொல்லிக்கொள்கிறோம் என்று தோன்றியது. அது நோய்க்குப் பெயர் சொல்லவில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம் போய்ப் பாருங்கள், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள், அடுப்படியில் தனியாக இருக்காதீர்கள் என்றது. இன்னொன்றும் கேட்டது. அந்தக் கேமரா கம்பெனி வீடியோக்களை எத்தனை நாள் வைத்திருக்கும்?

மஹதி பார்த்துச் சொன்னாள். முப்பது நாள்.

முதல் வீடியோ எடுத்து இருபத்தைந்து நாளாகிவிட்டது. இன்னும் ஐந்து நாளில் அது தானாக அழிந்துவிடும். டாக்டருக்கும் வேண்டும், அந்த ஆட்டோக்காரருக்கும் அது தேவைப்படலாம், எதையும் வெட்டாமல் ஒட்டாமல், தேதியோடு அப்படியே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள் என்றது உதவியாளர்.

சர்வருக்கென்று வாங்கி வைத்திருந்த புது டிஸ்கை உறையிலிருந்து பிரித்தாள். நானூறு பாடங்களும் ஏற வேண்டிய டிஸ்க். அதில் முதன்முதலாக ஏறியவை அந்த ஏழு வீடியோக்கள். ஒவ்வொன்றும் ஏறி முடிகிற வரைக்கும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு பென் டிரைவிலும் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கே கிளம்பறே?" என்றார் வெங்கடரமணன்.

ஸ்ரீலக்ஷ்மி மஹதியை மட்டும் வா என்றாள்.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று வண்டி நின்றது. முருகன் பெயரைச் சொன்னதும் முதல் வண்டியிலிருந்தவர் இறங்கிவந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பஞ்சாட்சரம் என்று பெயர் சொன்னார். முருகன் இரண்டரை மாதமாக வண்டி எடுக்கவில்லை என்றார். கால் இன்னும் மடங்கவில்லையாம். கேஸும் நடக்கிறதாம்.

"நாளன்னிக்கு கோர்ட்டு. தப்ப ஒத்துக்கினா அன்னிக்கே முடிஞ்சிடும்னு சொல்லிக்கிறாங்க. அவனும் சரின்ட்டான். இன்னா பண்ணுவான், தெம்பு இல்ல. நீங்க யாரு?"

நான்தான் அந்த ஸ்கூட்டர் என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

பஞ்சாட்சரத்தின் முகம் மாறிவிட்டது. பக்கத்து வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மஹதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முருகனோடு பேச வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். பஞ்சாட்சரம் நம்பர் தரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் ஃபோனிலேயே அழைத்து, இரண்டு வார்த்தை பேசி, அவளிடம் நீட்டினார்.

வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கை கூடிட்ச்சாம்மா?"

இரண்டரை மாதத்தில் வந்து போன உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கேட்ட கேள்விதான். இவன் வாயிலிருந்து அது வரும் என்று அவள் நினைக்கவில்லை. சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். தனக்கு ஒரு கோளாறு இருக்கிறது, அது இன்றைக்குத்தான் தெரிந்தது, அன்றைக்கு என்ன நடந்ததென்று தனக்கு ஞாபகமே இல்லை, பார்த்ததாக எழுதிக் கொடுத்தது நிஜமில்லை.



"உங்க மூஞ்ச நான் பார்த்தேம்மா" என்றான் முருகன். "கண்ணு தொறந்துதான் இருந்திச்சு. ஆனா நீங்க அதுல இல்ல. ஹாரன் அட்ச்சிகினே இருந்தேன். ஸ்டேஷன்லயும் இத்தயேதான் சொன்னேன். யாரும் நம்பல."

ஸ்ரீலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு வீடியோவும் காட்டியதை இவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அதுவும் முதல் நாளே சொல்லியிருக்கிறான்.

"திங்கக்கிழமை எதையும் ஒத்துக்காதீங்கோ. நான் வரேன். நடந்ததை நானே சொல்றேன்."

"சாரு ஒத்துக்குவாரா?"

"எந்த சார்?"

"உங்க வூட்டுக்காரருதான். மூணு வாட்டி வந்துட்டாரே இங்க. நேத்துகூட வந்து குந்தினு போனாரு. உங்ககிட்ட சொல்லிக்கினுதான் வர்றாருன்னு நென்ச்சினு இருந்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த மஹதியின் பிடி இறுகியது. ஸ்பீக்கர் இல்லாமலே அந்தக் குரல் அவளுக்கும் கேட்டிருக்கிறது. நேற்று அவர் டெலிபோன் பில் விஷயமாக ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தார்.

"வந்து என்ன சொன்னார்?" என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி.

முருகனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் ஏதோ சொல்ல, அவன் ஃபோனை மூடிக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்வது மங்கலாகக் கேட்டது. திரும்ப வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அத்த ஃபோன்ல சொல்ல வேணாம்மா. அவரு ஒரு பேப்பர் குட்த்துட்டுப் போய்க்கீறாரு. நீங்க நேர்ல வந்து படிங்க."

ஸ்ரீலக்ஷ்மி ஃபோனைப் பஞ்சாட்சரத்திடம் திருப்பிக் கொடுத்தாள். மஹதி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவள் முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"முருகன் வீடு எங்கே இருக்கு? போங்கோ" என்றாள்.